மாப்பிள்ளை அறைக்கு மேலே ஓர் ஓட்டை

மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்பளக் கம்பெனி முதலாளி தனுஷ்கோடிக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. சோலார் பலகை நிறுத்தத் தகரக் கூரையில் ஓட்டை போட்டே ஆகவேண்டும். அதில் ஒரு சொட்டு இறங்கினாலும் கிடங்கிலுள்ள அப்பளமெல்லாம் பாழ்.

“பழையபடி ஓட்டையைச் சுத்தித் தகடு மடிச்சு மூடுறதா, ரப்பர் சீலா?” என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

அதே கூரையின் கீழ் ஓர் அறையில் ரப்பர் சீல் வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை பிரதாபன் சிரித்தார். “தகடெல்லாம் அந்தக் காலம் மாமா! என் சீல் போட்டா சொட்டு இறங்காது.”

முதலாளி எடுபிடி சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். “நீ சொல்லுடா. ஒழுகினா உன்னைத்தான் கேப்பேன்.”

தகடு என்றால் மாப்பிள்ளை சீறுவார். ரப்பர் என்று சொல்லி ஒழுகினால் சீட்டுக் கிழியும். சங்கிலி தலையைச் சொறிந்தான்.

“மாப்பிள்ளை சார் சொன்னா சரிதான். ரப்பரே போடுவோம். முதல் ஓட்டையை அவரு கம்ப்யூட்டருக்கு நேர் மேல போட்டுரட்டுமா?”

“டேய், டேய்! அங்க மட்டும் தகடு போட்டுக்கலாம்!” என்று மாப்பிள்ளை பதறினார்.

அதுவரை நடந்துகொண்டிருந்த முதலாளி நின்றார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

“சங்கிலி, எல்லாத்துக்கும் அதையே போடு.”

சங்கிலி அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தான், கையில் தகட்டோடு.