மக்காச்சோளத்தைப் பிடுங்கச் சொன்ன ராஜா

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். மானம் என்று யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

அவன் சபையில் சிங்கப்பர் என்றொரு பிரபு. ஆற்றோர நஞ்சையில் பாதி அவருடையது. மேட்டுக்காட்டு ஜனங்கள் பசிக்கொடுமையில் அவர் வயலில் அரைக்கூலிக்கு உழைத்தார்கள். மழையை நம்பிய தங்கள் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் விளையத் தொடங்கியதும் அவர் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. சிங்கப்பருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா! மேட்டுக்காட்டார் மாட்டுத் தீனியைத் தின்கிறார்கள். அயல்நாட்டார் பார்த்தால் நம் மானம் என்னாவது?"

"பிடுங்கி எறியுங்கள்!" என்றான் ராஜா.

மந்திரி செண்பகராயர் பதறினார். "மகாராஜா, கதிர் பால் பிடிக்கிற நேரம்!"

"ஆணை ஆணைதான்!"

அன்றே சேவகர்கள் மேட்டுக்காட்டின் முதல் ஊரான கரட்டுப்பட்டிக்குப் போய்க் கொல்லைகளை மொட்டையடித்தார்கள். மந்திரிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பணிவாகக் கேட்டார்: "மானம் அரண்மனைக்கும் உண்டல்லவா? முதலில் இங்கே மக்காச்சோளத்தால் ஆன எதுவும் நுழையக்கூடாது. மற்ற ஊர்களை அப்புறம் பார்க்கலாம்."

"இங்கே அந்தத் தீனி ஏது? அப்படியே ஆகட்டும்!" என்று ராஜா சிரித்தான்.

மறுநாள் காலை குளிக்க வெந்நீர் இல்லை. அடுப்பெரித்தது மணி உதிர்த்த கதிர்ச்சக்கை. பால் இல்லை, பசுக்கள் தின்றது மக்காச்சோளத் தட்டை. முட்டையும் இல்லை, கோழிகள் கொத்தியது அதன் மணியை. ராஜாவின் நீர்க்கடுப்புக்கு வைத்தியர் தரும் கஷாயமும் இல்லை. அது கதிரின் நாரில் காய்ச்சியது. அடிவயிற்றைப் பிடித்தபடி ராஜா சபைக்கு வந்தான். சிங்கப்பரின் விறைப்பான தலைப்பாகையோ சோளமாவுக் கஞ்சி இல்லாமல் தொய்ந்து மூக்கில் தொங்கியது. சபை கொல்லென்று சிரித்தது.

"யார் செய்த அக்கிரமம் இது?" ராஜா கத்தினான்.

"ஆணை தங்களுடையது!" என்றார் மந்திரி. "ஒரு காலைப்பொழுதுக்கே அரண்மனை அலறுகிறதே! மக்காச்சோளக் களியைத் தவிர வேறு சோறே அறியாத பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டீர்களே! மிஞ்சிய சோளத்தைச் சந்தையில் விற்றுத்தானே அவர்கள் துணி கட்டினார்கள்? எல்லாம் யாருக்காக? அரைக்கூலிக்கு ஆள் கிடைக்காத சிங்கப்பருக்காக!"

"அப்படியா, சிங்கப்பரே?"

"பின்னே, என் வயலில் யார் இறங்குவார்கள், மகாராஜா?" என்று உளறிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவின் முகம் கறுத்தது. ஆணை ரத்தானது. சிங்கப்பரின் நெற்களஞ்சியம் கரட்டுப்பட்டிக்குத் திறக்கப்பட்டது; முதல் மூட்டையை அவரே சுமக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"எனக்கு இது வேண்டாம், மகாராஜா. கரட்டுப்பட்டிக்கு நீங்களும் வாருங்கள்" என்றார் மந்திரி.

கரட்டுப்பட்டிக் கொல்லையில், பிடுங்கிப்போட்டு வாடிய செடிகளுக்கு நடுவே வீராயி என்ற குடியானவள் உட்கார்ந்திருந்தாள். ராஜா கைகூப்பினான். "தப்பு நடந்துபோச்சு, தாயே."

அவள் எழுந்திருக்கவில்லை. "நடந்துபோச்சுன்னு சொல்லாதீங்க, ராஜா. செஞ்சுட்டேன்னு சொல்லுங்க."

ராஜா தலைகுனிந்தான்.

"செஞ்சுட்டேன், தாயே."

அதன் பிறகுதான் வீராயி எழுந்து வந்து, சிங்கப்பரின் முதுகிலிருந்த மூட்டையை இறக்கினாள்.