குடத்தைக் கீழே போட்டவன்

வெகு காலத்துக்கு முன்பு வேங்கைநாட்டைச் சித்திரசேன பூபதி என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். அவன் ஆட்சியில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

முதலாவது, கோட்டைக் காவலர்களுக்கு நடந்தது. வயதான காவலருக்கு ஆயுள் மானியம் என்று ஒரு வழக்கம் இருந்தது. கேட்டு வருபவன் வாளைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றார்கள். தூக்கியவனிடம், "இன்னும் தெம்பு இருக்கிறதே, போய் வேலையைப் பார்" என்றார்கள். தூக்க முடியாதவனிடம், "நீயெல்லாம் ஒரு வீரனா?" என்றார்கள்.

இரண்டாவது, தெருக்காவலர்களுக்கு. பழைய ராஜா காலத்து ஊழியத்துக்குப் பழைய ராஜாவே சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் செத்துப்போய் வெகு நாளாகியிருந்தது.

மூன்றாவது, தீக்காவலர்களுக்கு. ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் ஓடி அணைப்பவர்கள் இவர்கள். குடம் சுமப்பதால் இவர்கள் காவலர் அல்ல, தண்ணீர்க்காரர் என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர்க்காரருக்கு மானியம் கிடையாது.

நான்காவது, மொக்கையன் என்ற தீக்காவலன் எண்ணெய்ச் செக்காலையில் பிடித்த தீயில் மாண்டான். அவன் மனைவி பூச்சம்மாள் மானியம் கேட்டுப் போனாள். செக்காலை வாசலில் உடைந்து கிடந்த குடத்துக்கு அவளிடம் விலை கேட்டார்கள்.

இவ்வளவையும் செய்தவர் மானிய அதிகாரி அம்பலக்கூத்தர். மந்திரி திருமேனியாரை மன்னன் புகழ்ந்தால் இவருக்கு அன்று சோறு இறங்காது.

ஐந்தாவதாக, மானியம் கேட்டுச் சபைக்கு வந்தவன் விருமன். மொக்கையனின் கூட்டாளி. ஆயுள் முழுக்கப் புகை குடித்ததில் நெஞ்சு கெட்டுப்போனவன். அமாவாசைக்குள் காவலர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகாராஜா என்று தொடங்கியவனுக்கு இருமல் வந்தது. அது நிற்கும்வரை சபை காத்திருந்தது.

"பாருங்கள் மன்னா, பேசவே தெம்பில்லை. இவர் காவலராம்!" என்று அம்பலக்கூத்தர் சிரித்தார்.

மன்னனுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "திருமேனியாரே, இவன் காவலன்தான் என்று நாளைப் பொழுது சாய்வதற்குள் நிரூபியும். தவறினால் தீக்காவலர் எல்லோரும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்."

 தனக்காகக் கேட்க வந்த விருமன், தன் தெருவையே பணயம் வைத்தவனாகிவிட்டான்.

திருமேனியார் ஒன்றுதான் கேட்டார். "அதுவரை தண்ணீர்க்காரரின் விதிதானே இவர்களுக்கு?"

"அட்சரம் பிசகாமல்!" என்றார் அம்பலக்கூத்தர்.

வெளியே வந்ததும் மந்திரி விருமனின் காதில் ஏதோ சொன்னார். விருமன் முகம் இருண்டது. "சரிங்க. ஆனா உள்ளேயிருந்து ஆள் சத்தம் கேட்டா நான் நிக்க மாட்டேன்."

"கேட்காது. அது என் பொறுப்பு."

மறுநாள் உச்சிவேளை. கோடைக்காற்று அரண்மனைப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மதிலை ஒட்டியிருந்த அம்பலக்கூத்தரின் மாளிகையிலிருந்து புகை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கூரையே தெரியவில்லை. மன்னன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். அங்கே தீக்காவலர்கள் குடங்களோடு கொல்லைவாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"ஏன்டா மரம் மாதிரி நிற்கிறீர்கள்?" என்று அலறினார் அம்பலக்கூத்தர்.

"தண்ணி கொண்டாந்திருக்கோம் சாமி. எந்த அண்டாவுல ஊத்தணும்? குளிக்கவா, சமைக்கவா?" என்றான் விருமன்.

"என்னடா உளறுகிறாய்? உள்ளே போ!"

"வீட்டுக்காரர் அண்டாவைக் காட்டாமல் தண்ணீர்க்காரர் வாசற்படி தாண்டக்கூடாது. உங்கள் விதிதானே?" என்றார் திருமேனியார்.

மன்னன் காற்றைப் பார்த்தான், தன் அரண்மனையைப் பார்த்தான். வியர்த்துக் கொட்டியது. "கூத்தரே, ஏதாவது சொல்லித் தொலையும்!"

அப்போது மாடியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. கூப்பிடக்கூட முடியாத குரல்.

"அம்மா!" என்றார் அம்பலக்கூத்தர். "கோயிலுக்குப் போகவில்லையா நீ?"

திருமேனியாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. அவர் வாயைத் திறப்பதற்குள் கொல்லைவாசலில் ஒரு குடம் விழுந்து உடைந்தது. விருமனைக் காணோம்.

 புகைதான் வந்துகொண்டிருந்தது. உள்ளே விருமனின் இருமல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எப்போது மறுபடி கேட்கும் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒரு மனிதனின் இருமலுக்காக அந்த நாடு காத்திருந்தது அன்றைக்குத்தான்.

கேட்டது. கிழவியைத் தோளில் போட்டுக்கொண்டு விருமன் வெளியே வந்தான். அவளை மகனின் மடியில் கிடத்திவிட்டுத் தரையில் சரிந்தான்.

மந்திரி மன்னன் முன் மண்டியிட்டார். "தீ இல்லை மன்னா. மாளிகைக் களஞ்சியத்தில் ஈர வைக்கோலைப் புகைய விட்டது நான். வீட்டில் யாரும் இல்லை என்று நம்பினேன். அந்தத் தப்புக்குத் தண்டனை கொடுங்கள். அதற்குமுன் இதைப் பாருங்கள்." உடைந்த குடத்தைக் காட்டினார். "குடம் சுமப்பதால் இவன் தண்ணீர்க்காரன் என்றார் கூத்தர். ஆள் சத்தம் கேட்டதும் அந்தக் குடத்தைக் கீழே போட்டுவிட்டுத்தான் இவன் உள்ளே போனான். குடமில்லாமல் போனவனுக்கு என்ன பெயர்?"

மன்னன் அம்பலக்கூத்தரைப் பார்த்தான். "நீர் சொல்லும்."

அம்பலக்கூத்தர் தாயின் தலையைப் பிடித்தபடி, "காவலன்" என்றார்.

"காதில் விழவில்லை."

"காவலன் மன்னா!"

"மந்திரியாரே, உமக்கு உரிய தண்டனை உண்டு. ஆனால் நீர் ஜெயித்தீர்" என்றான் மன்னன். "தீக்காவலர் எல்லோருக்கும் மானியம். கூத்தரே, பதவி உமக்கு இனி இல்லை. கடைசி வேலை ஒன்று இருக்கிறது. மானியம் பெறுபவர் பெயர்களைச் சாட்சிகள் முன் நீரே வாசிக்க வேண்டும். விருமனிலிருந்து தொடங்கும்."

விருமன் கையை உயர்த்தினான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "மகாராஜா, செக்காலை வாசல்லயும் ஒரு குடம் உடைஞ்சு கிடந்துச்சு. எனக்கு முந்தி அவன்."

கூட்டத்தில் நின்றிருந்த பூச்சம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு ஜனங்கள் வழிவிட்டார்கள். நகரத்துப் பெரியவர்கள் சாட்சியாக முன்வந்து நின்றார்கள்.  அம்பலக்கூத்தர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"காவலன் மொக்கையன்."