சோலைக்குப் போன பாடைகள்

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிடச் சாப்பிட்டான் என்பதே சரி. பொங்கல் குழையாத நாளில் யாருக்கோ தலை போகும்; பாயசம் தித்தித்த நாளில் யாருக்கோ ஒரு கிராமம் கிடைக்கும்.

அவனுடைய மந்திரி மறைக்காடர். பொக்கிஷக்காரர் திருமேனிராயர். மந்திரி தும்மினால்கூட அதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக ராயருக்குத் தோன்றும். அப்படியொரு வயிற்றெரிச்சல்.

ஊருக்கு மேற்கே, ராஜாவின் தகப்பனார் ஜனங்களுக்கென்று வைத்த பெரிய சோலை இருந்தது. இருந்து என்ன? வாய்க்கால் பாலம் இடிந்து பல வருஷமாயிற்று. மிச்சமிருந்த வழி சுடுகாட்டுப் பாதை ஒன்றுதான். பிணம் இல்லாமல் அதில் யாரும் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

சாயக்காரத் தெருவில் சாயம் காய்ச்சும் கொப்பரைப் புகையைக் குடித்துக் குடித்து ஜனங்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். மருந்தைவிட மரக்காற்றுதான் நல்லது என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். பூவாயி என்பவள் மந்திரியின் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் செங்கோடனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சோலையில கொஞ்சம் படுத்துக் கெடந்தா அவருக்கு மூச்சு திரும்பும்யா. முதுகுல வேணாலும் சொமந்துட்டுப் போவேன். வழிதான் இல்ல."

மந்திரிக்கு மனசு தாங்கவில்லை. அன்றே சபையில் பாலம் கட்டப் பணம் கேட்டார்.

ராயர் சிரித்தார். "சோலைக்குக் கதவுகூடக் கிடையாது, மகாராஜா. யார் வரவேண்டாம் என்றது? ஓர் ஈ காக்கைகூட வருவதில்லை. ஜனங்களுக்கு ஆசையில்லை. யானைகளைக் கட்டினாலாவது பிரயோஜனம்."

ராஜாவுக்கோ சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. "ஓய் மறைக்காடரே! அமாவாசைக்குள் சாயக்காரத் தெருவார் அந்தச் சோலையில் உட்கார்ந்திருப்பதை எனக்குக் காட்டும். காட்டினால் பாலம். இல்லையென்றால் சோலை யானைக்கு, உம்முடைய முத்திரை மோதிரம் ராயருக்கு!"

"என் பொக்கிஷத்திலிருந்து ஒரு செப்புக் காசு பெயராது" என்றார் ராயர்.

மந்திரி சாயக்காரத் தெருவுக்குப் போய் வீடு வீடாகப் பேசினார். பூவாயி கெஞ்சினாள். "நாங்க மொத நாளே போயிடுறோம்யா."

"பொறு, அம்மா. ராஜா பார்க்க வருகிற நாளில் உன் புருஷன் வரட்டும். இருப்பவர்களில் ரொம்ப முடியாதவனை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதுதான் மனசு இளகும்."

மறுநாள் மதியம் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தான். தெருவில் சங்கு ஊதிற்று, சாவுமேளம் கொட்டிற்று. அரண்மனைத் தெருவில் பாடை போகும்போது ராஜா சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். கையை உதறி எழுந்தான். பாடை போனதும் உட்கார்ந்தான். சோற்றில் நெய் விழுவதற்குள் அடுத்த சங்கு. பொழுது சாயும்வரை இதே கூத்து. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ராஜா கண் சிவந்து கத்தினான்.

"ராயரே, என் ஊரில் என்ன கொள்ளைநோய் வந்திருக்கிறது?"

"தெரியவில்லை, மகாராஜா. ஏழைப் பிணத்துக்கு மூங்கில், கோடித்துணி, மேளம் எல்லாம் அரண்மனைச் செலவுதானே? கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் ராயர். அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். தெருவே செத்து ஒழிந்தால் மந்திரி யாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்?

"நானே போய்ப் பார்க்கிறேன்" என்று ராஜா அடுத்து வந்த பாடையின் பின்னாலேயே நடந்தான். மந்திரியும் ராயரும் கூடப் போனார்கள்.

சுடுகாட்டு முனையில் பாடை சோலைப் பக்கம் திரும்பிற்று. மரத்தடியில் இறக்கியதும், பிணமாகப் படுத்திருந்த கிழவி வாய்க்கரிசியை மென்றுகொண்டே எழுந்து உட்கார்ந்தாள். "மகராசா, சௌக்கியமா?" என்று கும்பிட்டாள். சுற்றிலும் நிழலில் சாயக்காரத் தெருவே உட்கார்ந்திருந்தது.

"மோசடி! உயிரோடு இருப்பவர்களைப் பாடையில் ஏற்றுவதா?" என்று குதித்தார் ராயர்.

"உயிரோடு வர வழி இல்லையே, மகாராஜா" என்றார் மந்திரி. "செத்தால்தான் நம் ஊரில் வழியும் மேளமும் புதுத்துணியும். அத்தனை பாடைக்கும் ராயரே தாராளமாகக் கொடுத்தார்."

அவ்வளவு பசியிலும் ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "பாலத்தைக் கட்டும்! ராயரே, அதோ இன்னொரு பாடை வருகிறது. நீர் போய்த் தோள் கொடும்."

ராயர் முகம் சுண்டிப்போய்ச் சுமந்து வந்தார். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். புங்க மரத்தடியில் பாடையை இறக்கினார்கள். கூடவே வந்த பூவாயி குனிந்தாள்.

"எந்திரிய்யா. வந்து சேந்துட்டோம். நெழலப் பாரு."

செங்கோடன் எழுந்திருக்கவில்லை. அவள் துணியை விலக்கிக் கன்னத்தைத் தட்டினாள். மந்திரி உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். கை சில்லிட்டிருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று.

பூவாயி அழவில்லை. மந்திரியைத்தான் பார்த்தாள். "மொத நாளே வந்திருப்போமேய்யா."

மந்திரி விலகிக் கிடந்த துணியை இழுத்துச் செங்கோடன் முகத்தை மூடினார்.

ராயர் மெல்ல விலகப் பார்த்தார். "நில்லும். இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது" என்றான் ராஜா. மறுபக்க மூங்கிலின் கீழே தன் தோளைக் கொடுத்தான். மந்திரி பின்னால் பிடித்துக்கொண்டார். சோலையிலிருந்து சுடுகாடுவரை மேளம் இல்லாமல் நடந்தார்கள். அன்று முழுக்க ராஜா இலை முன்னால் உட்காரவே இல்லை.

பாலம் எழுந்தது. சாயக்காரத் தெருவார் தங்கள் காலாலேயே நடந்து சோலைக்குப் போனார்கள். மந்திரியின் புத்தியை நாடே மெச்சியது. ஆனால் மந்திரி சாகும்வரை அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. அக்கரையில், புங்க மரத்தடியில், பூவாயி உட்கார்ந்திருப்பாள்.