சந்தைப் பாத்தி

"தாயே, என் செவலை என்ன பாவம் பண்ணுச்சு?"

கேட்டுவிட்டுப் பொன்னுரங்கம் மடத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். விடிகாலையில் அவருடைய பசு வாயில் நுரை தள்ளிச் செத்துப்போயிருந்தது. கன்று இன்னும் அதன் மடியை முட்டிக்கொண்டிருக்கிறதாம்.

குரு மங்கையம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தின்னுச்சு?"

"வெள்ளரிக் கொடி தாயே. கயித்தை அறுத்துக்கிட்டுச் சந்தைப் பாத்தியில பூந்துடுச்சு."

அந்த ஊரில் எல்லார் தோட்டத்திலும் இரண்டு பாத்தி உண்டு. வீட்டுப் பாத்திக்குச் சாணி எரு. சந்தைப் பாத்திக்குப் பூச்சிமருந்து. இதை யாரும் ஒளித்துச் செய்வதில்லை. மடத்துக்கு வீட்டுப் பாத்திக் காய்தான் வரும். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது!

"மருந்து எப்ப அடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"வாய்க்கால்ல தவளைச் சத்தமே காணோமே?"

"மருந்து டப்பாவை அங்கதான் தாயே கழுவுவோம்."

அம்மை வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாயில்லா ஜீவன் தாயே! எது நம்ம பாத்தி, எது சந்தைப் பாத்தின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மறுபடி விம்மினார். பிள்ளை மாதிரி வளர்த்த மாடு. அழாமல் என்ன செய்வார், பாவம்.

அம்மை எழுந்து வெளியே போனார். அங்கே பொன்னுரங்கத்தின் வண்டி, மூட்டைகளோடு நின்றது. பசு செத்தாலும் சந்தை நாள் சந்தை நாள்தானே. காலையில் பறித்த வெள்ளரிப் பிஞ்சுகள்.

ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிஞ்சை எடுத்தார். பச்சைப்பசேலென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. முந்தானையில் துடைத்துக் கடிக்கப் போனார்.

பொன்னுரங்கம் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டார். குருவை அடித்தோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஐயோ தாயே, வேண்டாம்! அது உங்களுக்கில்ல!"

"பின்னே யாருக்கு?"

"இது பள்ளிக்கூட வாசலுக்குப் போறது தாயே. உப்பு மிளகாய் தடவிக் குடுத்தா பிள்ளைங்க வாங்கி..."

அவர் கண் வண்டியிலிருந்த மூட்டைகள் மேல் போய் நின்றது.