இரும்பைச் சுற்றிய கறுப்பு

"கோடே இல்லாத படம் எடுக்க முடியாதா, ஜெனோவா?" என்று கேட்டார் டாக்டர் மாசிலாமணி.

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. ஜெனோவா சி.டி. ஸ்கேன் எடுப்பவள், அவருக்கு மகள் வயது. புது மெஷின் வந்ததிலிருந்து சந்தேகம் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

"எலும்புக்குள்ள இரும்பு இருந்தா கோடு வரத்தான் சார் செய்யும்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருவரின் செயற்கை மூட்டைச் சுற்றிப் படமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள். அவற்றுக்குள் சீழ் இருந்தது. டாக்டர் பார்க்கவில்லை. அந்த மனிதர் காலை இழந்தார்.

சூடு கண்ட பூனை. கோடுகளைத் துடைத்துத் தரும் சாஃப்ட்வேர் இரண்டு மாதம் முன்பு வந்ததும், துடைத்த படம் மட்டும் போதும், மற்றதை என் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"துடைச்ச பிறகும் ரெண்டு கோடு நிக்குது. அதையும் எடுத்துரு," என்றார்.

ஜெனோவா திரையில் ஒரு படத்தைத் திறந்தாள். துடைத்த படம். பெயர் இல்லை. எலும்பின் குறுக்குவெட்டு, நடுவே இரும்பு.

"இதைப் படிங்க சார்."

"ஸ்க்ரூவைச் சுத்திக் கறுப்பு வளையம். எலும்பு விட்டுப்போச்சு. கழண்டிருக்கு."

"நிச்சயமாவா?"

"நேத்து சொர்ணத்தம்மாவுக்குப் பாத்தேனே, அதே வளையம்."

சொர்ணத்தம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பில் நான்கு வருடமாகச் செயற்கை மூட்டு. மூட்டு கழன்றிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். "படம் சுத்தமா வந்திருக்கும்மா, சந்தேகமே இல்ல," என்று அவரிடமே சொல்லியும் இருந்தார்.

இன்று பதினோரு மணிக்கு அந்த இடுப்பை மறுபடி திறக்கப்போகிறார்கள். இருதயம் சரியில்லாத உடம்பு. மயக்க மருந்து கொடுப்பவர், பிழைப்பது உறுதியில்லை என்று மகனிடம் தனியாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

ஜெனோவா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஆட்டுத் தொடை எலும்பு. அதில் ஒரு ஸ்க்ரூ.

"கறிக்கடை எலும்பு சார். நேத்து சாயங்காலம் நானே முடுக்கி, இன்னைக்குக் காலைலதான் ஸ்கேன் எடுத்தேன். நீங்க இப்பப் படிச்சது இதைத்தான்."

ஒரு குறடு எடுத்து நீட்டினாள்.

"கழண்டிருக்குல்ல. பிடுங்குங்க."

டாக்டர் இழுத்தார். எலும்பைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளங்கை சிவந்தது. ஸ்க்ரூ அசையவில்லை.

"அப்போ அந்த வளையம்?" என்றார்.

அவள் அதே எலும்பின் துடைக்காத படத்தைப் பக்கத்தில் திறந்தாள். படமெங்கும் கோடுகள். கோடு விழாத இடங்களில் எலும்பு இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. நடுவில் கறுப்பே இல்லை.

"துடைக்கிற துணி சில நேரம் எலும்பையும் சேத்துத் துடைச்சிருது சார்."

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

"அந்தம்மாவோட துடைக்காத படம்..."

"அழிக்கல சார். வச்சிருக்கேன்."

அவள் திறந்தாள். இரண்டு மாதமாக முகம் திருப்பிக்கொண்டிருந்த கோடுகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சீழையும் தேடினார். ஒவ்வொரு வெட்டாக, இரண்டு முறை.

சீழ் இல்லை. வளையமும் இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மூன்று மாடியும் ஓடினார். இத்தனை வயதுக்கு அப்படி ஓடக்கூடாது.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. சொர்ணத்தம்மாள் பச்சைத் தொப்பியோடு அதன் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். டாக்டரைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"இப்பவும் படம் சுத்தமாத்தான் இருக்கா டாக்டர்?"

டாக்டருக்கு மூச்சு வாங்கியது.

"இல்லம்மா. ஒரே கோடு," என்றார். "வீட்டுக்குப் போகலாம்."