ஒரு கட்டு வைக்கோலில் மலையேறும் வண்டி

உப்பு விளைகிற கரை முழுவதையும் ஒரே அரசன் ஆண்ட காலம் அது. கேட்டுக்கொள்ளுங்கள். அரசன் நேர்மையானவன். ஒருவன் சொன்ன சொல்லை அப்படியே எடுத்து எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்பவன். அவனுடைய கடற்கரைப் பட்டினத்தில் சேந்தன் என்று ஒரு தச்சன் இருந்தான். இது அவன் கதை.

சேந்தன் படகு செய்து பழகியவன். அலைமேல் மிதக்கிற மரத்தை இழைத்த கைக்கு, தரையில் ஓடுகிற வண்டிகள் இவ்வளவு கனமாக ஏன் இருக்க வேண்டும் என்பது புரியவில்லை. பாவம், ஊர்க் காளைகள் நாக்குத் தள்ளி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனம் கனக்கும். கனமில்லாத ஒரு வண்டியைச் செய்ய உட்கார்ந்தான்.

முதலில் செய்த வண்டி முறிந்தது. இரண்டாவது வண்டி சாய்ந்தது. மூன்றாவது வண்டி ஓடியது.

ஒரே காளையைப் பூட்டிச் சேந்தன் அதைக் கடற்கரையிலிருந்து மலைச் சந்தை வரைக்கும் ஓட்டிப்போனான். காளை தின்றது ஒரு கட்டு வைக்கோல். உச்சியில் இறங்கி நின்று, யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்சம் அழுதான். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் பட்டினத்தில் முரசு கேட்டது.

"ஒரே காளை போதும்! ஒரு கட்டு வைக்கோல் போதும்! வண்டியின் விலை நூறு பணம் போதும்!"

முரசறைபவன் கெட்டிக்காரன். கடைசியில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். "இனி உங்களுக்கு ரெண்டாவது காளை எதுக்கு? அதையே முன்பணமா விட்டுட்டுப் போங்க!"

உப்பு வணிகர்களான உமணர்கள் திரண்டு வந்தார்கள். மலைக்கு உப்பு கொண்டுபோகிறவர்கள் அவர்கள்தான். இங்கே அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உமணர் வண்டி ஒருபோதும் வெறுமையாக ஓடாது. போகும்போது உப்பு, வரும்போது தினை. சாவு வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் வெறும் வண்டி பூட்டுவார்கள். ஆகவே ஒரு வண்டி மலையேறியது என்று கேட்டால், அது பாரத்தோடு ஏறியது என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேறு மாதிரி நினைக்கவே அவர்களுக்குத் தெரியாது.

தச்சர் வழக்கம் வேறு. படகோ வண்டியோ, புதிதாகச் செய்ததை வெறுமையாகத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். சேந்தனும் அப்படித்தான் ஓட்டினான். முரசு அறையச் சொன்னபோது அவன் மனத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

உமணர் கூட்டத்தில் செம்பி என்பவள் நின்றாள். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கையில் காரி என்ற கறுப்புக் காளையைப் பிடித்திருந்தாள். நுகத்தின் வலப்பக்கத்தில் நடக்கும் காளை. இடப்பக்கத்துக்கு மயிலை. இரண்டும் கன்றிலிருந்தே சேர்ந்து நடந்தவை.

"காரியை விட்டுட்டு எப்படி இருப்பே?" என்றான் பக்கத்தில் நின்ற உமணன்.

"இருந்துக்குவேன். எட்டு மூட்டை உப்பை ஏத்துறேன், ஒரு கட்டு வைக்கோலைப் போடுறேன், மலைக்குப் போயிடுறேன். மிச்சமாகிற வைக்கோல்ல எங்க வீட்டுக் கூரையை மாத்திடுவேன்."

"கூரையை மாத்துறியா, மாளிகையே கட்டுறியா?"

"உனக்கு என்ன வந்துச்சு? கட்டினா திண்டு போட்டு உட்கார உன்னையும் கூப்பிடுறேன், போ."

கூட்டம் சிரித்தது. அவள் சேந்தனிடம் எதையும் கேட்கவில்லை. தன்பாட்டில் சொன்னாள். ஆனால் எட்டு மூட்டை என்பது சேந்தன் காதில் விழுந்தது.

அந்த நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் பாரத்தோடு என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் மட்டுமில்லை, எல்லோரும். அவன் வாயைத் திறந்தான். செம்பிக்குப் பின்னால் தெருமுனை வரை ஆட்கள் காளைகளோடு நின்றார்கள். இத்தனை வருடங்களில் தன்னைத் தேடி வந்த முதல் கூட்டம். மரம் வந்து வேலை தொடங்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், வண்டியை இன்னும் கொஞ்சம் திருத்தினால் ஒருவேளை பாரத்தையும் இழுக்கும் என்று நினைத்தான்.

வாயை மூடிக்கொண்டு காரியின் கயிற்றை வாங்கினான்.

காளைகளைச் செக்காட்டுபவர்களுக்கு விற்று மரமும் இரும்பும் வாங்கினான். செம்பி முதல்முறை வந்து கேட்டபோது மரம் காயவில்லை என்றான். இரண்டாம் முறை இரும்பு வரவில்லை என்றான். மூன்றாம் முறை வண்டி தயாராக நின்றது.

"நூறு பணம் வண்டிக்கு. சக்கரத்துப் பட்டை, கடையாணி, நுகத்தடி எல்லாம் தனி" என்றான் தரையைப் பார்த்தபடி.

"இதெல்லாம் இல்லாம வண்டியை நான் தலையில வெச்சுக்கிட்டா போறது தச்சரே?" என்றாள் செம்பி. பிறகு காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

எட்டு மூட்டையோடு போன வண்டி மலையின் முதல் வளைவிலேயே நின்றது. மயிலை முன்னங்கால் மடிந்து விழுந்தது. செம்பிக்குப் பின்னால் வந்த வண்டிகளும் அங்கேயே நின்றன.

உமணர்கள் அரசனிடம் போனார்கள். அரசன் சேந்தனை வரவழைத்தான். அவன் வண்டியைத் தன் குதிரைவீரர்கள் பார்க்க மலைமேல் ஓட்டச் சொன்னான். வெறும் வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது.

"காளை ஒன்றுதானா?" என்று கேட்டான் அரசன்.

"ஒன்றுதான் அரசே" என்றார்கள் குதிரைவீரர்கள்.

"வைக்கோல் ஒரு கட்டுதானா?"

"ஒரு கட்டுதான் அரசே."

"வண்டியின் விலை நூறு பணம்தானா?"

"வண்டியின் விலை நூறுதான் அரசே" என்றான் சேந்தன்.

அரசன் உமணர்கள் பக்கம் திரும்பினான். "பாரத்தோடு ஏறும் என்று இவன் சொன்னானா?"

செம்பி மட்டும் பேசினாள். "சொல்லலை மகாராசா. ஆனா வெறும் வண்டியை நாங்க எதுக்கு மலைக்கு ஓட்டப்போறோம்? அங்க இருக்கிறவங்களுக்கு வேடிக்கை காட்டவா?"

சபை சிரித்தது. அரசனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொல்லை எடைபோட்டுப் பழகியவன், எடைபோட்டான். மூன்று சொல்லும் உண்மை. சேந்தன் பொய் சொல்லவில்லை என்று தீர்ப்பாயிற்று.

சேந்தன் வீடு திரும்பினான். 'அரசரே சொல்லிவிட்டார்' என்று வழியில் சொல்லிக்கொண்டான். சோற்றைப் பிசையும்போது, 'அரசரே சொல்லிவிட்டார்' என்றான். இழைப்புளியைக் கையில் எடுத்தபோது மறுபடியும் சொல்ல வந்தது. இந்த முறை வாய் வரவில்லை.

எழுந்து மலைப்பாதைக்கு நடந்தான்.

முதல் வளைவில் செம்பியின் பழைய வண்டி ஏறிக்கொண்டிருந்தது. நுகத்தின் இடப்பக்கத்தில் மயிலை. வலப்பக்கத்தில், புடவைத் தலைப்பை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, செம்பி. மயிலை காரியைத் தேடி வலப்பக்கமாகவே சாய்ந்தது. வண்டி அதோடு பள்ளத்துப் பக்கம் போயிற்று. காலை ஊன்றி அவள் அதை மீண்டும் பாதைக்குத் தள்ளினாள்.

அவனைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க தச்சரே. ஒத்தைக் காளை வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்க வந்தீங்களா? பாருங்க, நல்லா ஓடுது."

சேந்தன் அருகில் போனான். அவள் தோளிலிருந்து நுகத்தை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். அவள் தடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. பின்னால் போய் வண்டியைத் தள்ளினாள்.

படகு தூக்கிய தோள்தான். இரண்டாவது வளைவில் தோல் உரிந்தது. தன் வண்டி எவ்வளவு லேசு என்று ஊரெல்லாம் சொன்னவனுக்கு, உப்பு எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வளைவில் நின்று மூச்சு வாங்கினான்.

"அன்னிக்கு நீங்க எட்டு மூட்டைன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்றான்.

செம்பி சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீங்க வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். கொட்டாவின்னு நினைச்சுட்டேன்."

சேந்தன் நுகத்தைத் தோளில் சரிசெய்தான்.

"காரியைக் கொண்டுவந்து விடுறேன்" என்றான் சேந்தன்.

"பேசாம இழுங்க. பொழுது போகுது."

பட்டறையில் கிடந்த மரத்தையெல்லாம் சேந்தன் விற்றான். செக்குச் செக்காக அலைந்து காளைகளைத் திரும்ப வாங்கினான். தொலைதூரம் போய்விட்ட காளைகளுக்கு ஈடாக வேறு காளைகளைக் கொடுத்தான். அதற்குப் பட்டறையே போயிற்று. அரசன் தீர்ப்பு கையில் இருக்கும்போது இவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று பட்டினத்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

காரி வந்துசேர்ந்தது. செக்கைச் சுற்றிச் சுற்றி அதற்கு நேராக நடக்க மறந்துபோயிருந்தது. நுகத்தில் பூட்டினால் வட்டம் போட்டது. அது பாதை பழகும்வரைக்கும் சேந்தனே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டிக்கு முன்னால் நடந்தான்.

வழியில் பார்த்தவர்கள், "லேசு வண்டி தச்சர்தானே நீங்க? எங்களுக்கு ஒண்ணு செய்வீங்களா?" என்று விசாரித்தார்கள். அவர்கள் மேற்கொண்டு கேட்பதற்கு முன்னால் சேந்தன் சொல்லிவிடுவான். "மூட்டை ஏத்துறதா இருந்தா என் வண்டி வேண்டாம், மலையில நின்னுடும். பட்டை, கடையாணி, நுகத்தடி எல்லாம் சேர்ந்தா விலை நூறுல நிக்காது." கேட்டவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் செம்பி சொன்னாள். "உங்களைக் கெடுக்க வெளியில ஆள் வேண்டாம் தச்சரே. உங்க வாயே போதும்."

"உள்ளதைத்தானே சொல்றேன்?"

"எங்க உள்ளதைச் சொல்றீங்க? பாதிதான் சொல்றீங்க. அந்த வண்டி எங்க வாசல்லதான் நிக்குது. போன மாசம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்துச்சு. மருத்துவச்சி இருக்கிறது அடுத்த ஊர்ல. மயிலையை அதுல பூட்டி, போய்க் கூட்டிட்டு வந்தேன். காத்தாட்டம் போச்சு. பிள்ளையும் தாயும் நல்லா இருக்காங்க. நம்ம பழைய வண்டியா இருந்தா பாதி வழியிலதான் இருந்திருப்பேன்."

சேந்தன் நின்றுவிட்டான். காரியும் நின்றது.

"உங்க மேல இருந்த கோபத்துல இதைச் சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் செம்பி. "அப்புறம் நீங்க செஞ்சதுக்கும் நான் செய்றதுக்கும் என்ன வித்தியாசம்? ஆளு போக உங்க வண்டி. உப்பு போக எங்க வண்டி. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. நடங்க, மழை வருது, மூட்டை நனையப்போகுது."

ஆகவே கேட்டவர்களே, எதிரில் இருப்பவர் தவறாக நினைத்துக்கொண்டு கயிற்றை நீட்டுகிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொள்பவன், ஒரு பொய்கூடச் சொல்லாமலே ஏமாற்றுக்காரன் ஆகிறான்.