அர்த்தநாரி நிறுத்திய நட்சத்திரம்

லாரி டிரைவர் அர்த்தநாரி அன்றைக்குக் கண் பரிசோதனைக்கு வந்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வேண்டும். நாமக்கல் கண் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையோ அவருக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. பெஞ்சு நிறைய டிரைவர்கள் காத்திருந்தார்கள்.

"கடைசி வரியைப் படிங்க," என்றாள் கண் பரிசோதிக்கும் ரெஜினா.

"படிக்கிறேனுங்க அம்மணி. இது என்னென்ன பார்த்த கண்ணுன்னு முதல்ல கேட்டுக்கங்க. வெளிநாட்டுல ஒரு மலை உச்சிக்கு, கல்யாண மண்டபம் அகலத்துக்கு டெலஸ்கோப் கண்ணாடி ஏத்திக்கிட்டுப் போனது நாந்தான். கொல்லிமலையில எழுபது வளைவு. அங்க எழுநூறு. அத்தனையும் ரிவர்ஸ்லயே ஏத்துனேன்."

"ஏன் ரிவர்ஸ்ல?" என்று கேட்டார் பெஞ்சில் இருந்த காதர் பாய்.

"கண்ணாடி வழியைப் பார்த்துக்கிட்டே வரணும்னு ஆசைப்பட்டுச்சு பாய். மேல போனா, நட்சத்திரமெல்லாம் அலையுது. நடுவுல இருக்குற காத்து ஆட்டுதாம். அதுக்கு விஞ்ஞானிங்க வானத்துல மஞ்சள் லேசர் அடிச்சாங்க. தொண்ணூறு கிலோமீட்டர் உசரத்துல சோடியம் கிடக்குது. லேசர் பட்டதும் அது மினுக்குது. பொய் நட்சத்திரம். அது எப்படி ஆடுதுன்னு பார்த்து, ஒரு குட்டிக் கண்ணாடியைச் செகண்டுக்கு ஆயிரம் தடவை எதிர்ப்பக்கமா நெளிச்சா, நெசமான நட்சத்திரம் அசையாம நிக்கும்."

"இதுதான் பச்சைப் புளுகு," என்றார் காதர் பாய். பெஞ்சே தலையாட்டியது.

அர்த்தநாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை.

"சரி, இதையும் கேளுங்க. அன்னிக்கு நெளிக்கிற மோட்டார் நின்னுபோச்சு. பெரிய விஞ்ஞானி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவறார். கட்டை விரலை வச்சேன். கியர் போட்ட விரலாச்சே, செகண்டுக்கு ரெண்டாயிரம். நட்சத்திரம் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. பக்கத்துல ஒரு கிரகம். அதுல ரோடு. ரோட்டுல ஒரு லாரி. நம்பர் பிளேட்டைக்கூடப் படிச்சேன்."

"எந்த ஊர் வண்டி?"

"நம்ம நாமக்கல்தான் பாய். முட்டை லோடு."

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. "கடைசி வரி."

"அந்த ஃபேனை நிறுத்துங்க அம்மணி. காத்து எழுத்தை ஆட்டுது."

நிறுத்தினாள். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. எறும்புகள் எறும்புகளாகவே இருந்தன. முப்பது வருஷம் பிடித்த ஸ்டீயரிங் கைவிட்டுப் போகிறதே என்று அட்டையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"மங்கலாத்தான் இருக்குதுங்க," என்றார் மெதுவாக.

ரெஜினா அவர் மூக்கில் ஓர் இரும்பு ஃபிரேமை மாட்டி, இரண்டு கண்ணாடி வில்லைகளைச் செருகினாள். எழுத்துகள் பளிச்சென்று எழுந்து நின்றன. கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தார். 'கண்ணாடி அணிந்து ஓட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அர்த்தநாரிக்குப் போன வாய் திரும்பி வந்தது. "எல்லாம் சரியாத் தெரியுதுங்க அம்மணி. நீங்கதான் கொஞ்சம் கோவமாத் தெரியறீங்க."

"காலையிலிருந்து அப்படித்தான் இருக்கேன். அடுத்த ஆள் வாங்க."